அக்காவின் அப்பளமும் ஆர்க்டிக் கடலும்

"தம்பி, உன் மருமகன் ஏதோ மழை பாக்குற பக்கம் செஞ்சிருக்கான்டா. மதுரையில மைனஸ் ஏழு டிகிரின்னு காட்டுது. எனக்கு இங்க மண்டை பொளக்குது."

அக்கா போனில் இப்படிச் சொன்னது ஏப்ரல் கடைசி வாரம். கத்திரி தொடங்க இன்னும் சில நாள்தான். ஜெய்ஹிந்துபுரத்தில் அவள் வீட்டு மொட்டை மாடியில் அந்த நேரத்துக்குச் செருப்பில்லாமல் கால் வைக்க முடியாது. அந்த மாடிதான் அவளுக்குத் தொழில் செய்யும் இடம். உளுந்து மாவில் உப்பும் அப்பளக்காரமும் சேர்த்துப் பிசைந்து, அடித்து, தேய்த்து, விரித்துக் காயவைத்து, கட்டுப் போட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறாள். மதுரையில் அப்பளம் போடுகிற வீடுகளுக்குப் பஞ்சமில்லை. அத்தனை பேருக்கும் பொது எதிரி, சொல்லாமல் வரும் கோடை மழை. காலையெல்லாம் வெயில் கொளுத்தும். மூன்று, நான்கு மணிக்கு மேற்கே நாகமலைப் பக்கம் கறுக்கும். மாடிக்கு ஓடுவதற்குள் பாதி நனைந்துவிடும்.

அதற்குத்தான் மருமகன் வழி தேடியிருக்கிறான். பொறியியல் கடைசி வருடம் படிக்கிறவன். அம்மாவுக்கும் உதவும், ப்ராஜெக்ட்டுக்கும் ஆச்சு என்று கணக்குப் போட்டிருக்கிறான். தப்பில்லை, நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். லேப்டாப்பைத் திறந்து முந்நூறு வரி பைத்தான் கோடு (நிரல்) காட்டினான். "எரரே வரல மாமா. எல்லாம் சரியாத்தான் ஓடுது. ஆனா பதில்தான் இப்படி வருது."

"அந்தக் கோடு கிடக்கட்டும், மூடு. அது யார்கிட்ட போய்க் கேக்குதோ, அவங்ககிட்ட நீ நேராக் கேட்டுப் பாத்தியா?"

பார்க்கவில்லை. யாருமே பார்ப்பதில்லை. பொது வலைச்சேவை ஒன்றைப் பயன்படுத்த வேண்டுமென்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் முதலில் லைப்ரரி தேடுகிறார்கள், இல்லாவிட்டால் போஸ்ட்மேன் மாதிரி ஒரு கருவியை இறக்குகிறார்கள். கையிலேயே பிரவுசர் இருக்கிறது. மேலே முகவரிப் பட்டை இருக்கிறது. அதில் ஒரு முகவரியைத் தட்டி என்டர் அடித்தால் பிரவுசர் ஒரு 'கெட்' கோரிக்கையை அனுப்பும். வலைத்தளம் என்றால் பக்கம் வரும். வலைச்சேவை என்றால் தரவு வரும். பிரவுசருக்கு இரண்டும் ஒன்றுதான்.

அவன் பயன்படுத்தியது ஓப்பன்-மெட்டியோ என்ற வானிலைச் சேவை. வணிக நோக்கமில்லாத பயன்பாட்டுக்கு இலவசம். கணக்கு வேண்டாம், சாவி (நாம் யார் என்று சேவைக்குக் காட்டும் ரகசிய எழுத்துக் கோவை) வேண்டாம். பழகுவதற்கு இதைவிட நல்ல சேவை எனக்குத் தெரிந்து இல்லை. அவன் கோடுக்குள் இருந்த முகவரியை எடுத்து ஃபயர்பாக்ஸில் ஒட்டச் சொன்னேன். அதில் கேள்விக்குறிக்கு முன்னால் இருப்பது சேவையின் இடம், பின்னால் இருப்பது நம் கேள்வி. அட்சரேகை சமம் இவ்வளவு, ஒரு ஆம்பர்சண்ட் (& குறி), தீர்க்கரேகை சமம் இவ்வளவு, இன்னொரு ஆம்பர்சண்ட், இப்போதைய வெப்பநிலை, தரையிலிருந்து 2 மீட்டர் உயரத்தில். (அந்த 2 மீட்டர் கவனிக்க வேண்டிய விஷயம். அக்கா கால் சுடுகிற சிமெண்ட் தளத்தின் சூடு அதில் வராது.)

என்டர் அடித்தான். பதில் ஜேசன் என்ற தரவு வடிவத்தில் வரும். ஃபயர்பாக்ஸ் அதைத் தானாகவே கிளை கிளையாகப் பிரித்துக் காட்டும். மேலிருந்து படித்தோம். அட்சரேகை 78 சொச்சம். தீர்க்கரேகை 9 சொச்சம். கடல் மட்டத்திலிருந்து உயரம் 0. வெப்பநிலை மைனஸ்.

"உயரம் சைபரா? நம்ம ஊர் நூறு மீட்டருக்கு மேலல்ல இருக்கு?" என்று கேட்டேன்.

அவன் இரண்டு விநாடி பார்த்தான். "மாமா... மாத்திப் போட்டுட்டேன்."

மதுரை அட்சரேகை 9.92 வடக்கு, தீர்க்கரேகை 78.12 கிழக்கு. இவன் இரண்டையும் இடம் மாற்றிக் கொடுத்திருக்கிறான். அதற்கும் காரணம் உண்டு. வரைபடத்தில் வலது கிளிக் செய்தால் அட்சரேகை முதலில் வரும். இடத் தகவலைச் சேமிக்கும் ஜியோஜேசன் கோப்புகளில் தீர்க்கரேகை முதலில் வரும். ஒன்றிலிருந்து எடுத்து இன்னொன்றின் வரிசையில் போட்டால் முடிந்தது கதை. வரைபடத்தில் 78.12 வடக்கு, 9.92 கிழக்கு எங்கே என்று தேடினோம். நார்வேக்கு வடக்கே ஸ்வால்பார்ட் தீவுகள், அவற்றுக்கும் சற்று மேற்கே நடுக்கடல். உலகத்து விதைகளையெல்லாம் பனிமலைக்குள் பத்திரப்படுத்த 2008-இல் ஒரு பெட்டகம் திறந்தார்களே, அந்தத் தீவுக் கூட்டம்தான். அக்கா உளுந்து அப்பளம் காயவைக்கப் போகிறாள் என்று இவன் ஆர்க்டிக் கடலில் வானிலை கேட்டிருக்கிறான். சேவை ஒழுங்காகப் பதில் சொல்லியிருக்கிறது.

ஏன் எரர் வரவில்லை என்பதுதான் எனக்கு ருசியான இடம். அட்சரேகை 90-ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் சேவை 400 என்ற பிழை எண்ணோடு, 'இந்த எல்லைக்குள் கொடு' என்று காரணமும் சொல்லி அனுப்பும். கௌஹாத்தியில் ஒரு பையன் இதே தப்பைச் செய்திருந்தால் அந்த நிமிடமே மாட்டியிருப்பான். அவன் ஊர் தீர்க்கரேகை 91-ஐத் தாண்டியது. தமிழ்நாட்டில் எந்த ஊரை எடுத்தாலும் தீர்க்கரேகை 76-க்கும் 81-க்கும் நடுவில்தான். அட்சரேகை என்று தப்பாகக் கொடுத்தாலும் செல்லுபடியாகிவிடும். நம் மாநிலத்துக்காரர்கள் மொத்தப் பேரும் சத்தமில்லாமல் ஆர்க்டிக் போகக்கூடியவர்கள்.

எண்களைத் திருப்பிப் போட்டோம். 39 வந்தது. அக்காவுக்கு மரியாதை திரும்பியது.

இந்தப் பழக்கம் எனக்கு வந்தது 2008 வாக்கில். அப்போது மதுரையிலேயே ஒரு சின்ன கம்பெனியில் இருந்தேன். வலைச்சேவை என்றாலே அப்போது சோப் என்ற பரிமாற்ற முறைதான், எக்ஸ்எம்எல் என்ற தரவு வடிவம்தான். மைக்ரோசாஃப்டின் ஏஎஸ்பி டாட் நெட்டில் எழுதிய சேவையை பிரவுசரில் திறந்தால், அதில் என்னென்ன செயல்கள் உண்டு என்று தானாகவே ஒரு பட்டியல் பக்கம் வரும். ஒன்றைச் சொடுக்கினால் சின்னப் பெட்டியும் 'இன்வோக்' என்ற பொத்தானும். டபிள்யூ3ஸ்கூல்ஸ் தளத்தில் செல்சியஸை ஃபாரன்ஹீட்டாக மாற்றும் சேவை ஒன்று பொதுவில் இருந்தது. 37 என்று போட்டு அமுக்கினேன். புது ஜன்னலில் ஒரே ஒரு வரி எக்ஸ்எம்எல், நடுவில் 98.6. எங்கேயோ உள்ள கம்ப்யூட்டர் நான் கேட்டதற்குப் பதில் சொல்கிறது என்று அன்றைக்கு வந்த புல்லரிப்பு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

ஆனால் அடுத்தடுத்து வேறு சேவைகளைத் திறந்தபோது பெட்டி இல்லை, பொத்தான் இல்லை. 'சோதனைப் படிவம் உள்ளூர் கணினியிலிருந்து வரும் கோரிக்கைகளுக்கு மட்டும்' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. சேவை செத்துவிட்டது என்று நினைத்து ஒரு நாள் முழுக்க வீணாக்கினேன். அது செத்துப் போகவில்லை. 2003-இல் வந்த டாட் நெட் 1.1 பதிப்பிலிருந்தே, வெளியாள் பிரவுசரிலிருந்து நேராகக் கூப்பிடும் வழியைப் பாதுகாப்புக்காக மூடிவைத்துத்தான் கொடுத்தார்கள். சேவையை நடத்துகிறவர் அமைப்புக் கோப்பில் திறந்துவிட்டால் உண்டு. இல்லையென்றால் எக்ஸ்எம்எல் உறை தயாரித்து 'போஸ்ட்' முறையில் அனுப்ப வேண்டும். முகவரிப் பட்டைக்கு அது தெரியாது. இன்றும் அதே வரம்புதான். முகவரிப் பட்டை 'கெட்' மட்டுமே பேசும். அது போதும்படிதான் இப்போது பெரும்பாலான பொதுச்சேவைகள் இருக்கின்றன.

சரி, ஜெய்ஹிந்துபுரத்துக்கு வருவோம். ஊரைச் சரி செய்தோம், மணிக்கு மணி மழை வாய்ப்பு எத்தனை சதவீதம் என்ற கேள்வியையும் சேர்த்தோம், நான் ஒரு டீ குடித்துவிட்டு வீடு திரும்பினேன். செவ்வாய்க்கிழமை மறுபடி போன். இந்த முறை அக்காவின் குரலில் சிரிப்பில்லை.

நடந்தது இதுதான். காலை 10 மணிக்கு மழை வாய்ப்பு 70 என்று பக்கம் காட்டியிருக்கிறது. மகன் சொன்னானே என்று அக்கா அப்பளம் விரிக்கவில்லை. பத்து மணி வந்தது, வெயில் பளிச்சென்று அடித்தது. பதினொன்று ஆனது, பன்னிரண்டு ஆனது, ஒரு துளி இல்லை. விடிகாலையில் பிசைந்த மாவு நமக்காகக் காத்திருக்காது. ஒரு மணிக்கு வெறுத்துப்போய் எல்லாவற்றையும் தேய்த்து விரித்துவிட்டாள். மூன்றரை மணிக்குக் கொட்டியது பாருங்கள்.

"மழை வந்துச்சுடா, வரலன்னு சொல்லல. லேட்டா வந்துச்சு."

லேட்டாக என்றால் எவ்வளவு? பத்துக்கும் மூன்றரைக்கும் இடையில் ஐந்தரை மணி நேரம். இதைக் கேட்டதும் எனக்கு முதுகில் வேர்த்தது. ஐந்தரை என்றாலே கிரீன்விச். நம் கடிகாரம் அந்த ஊர் நேரத்தைவிட அவ்வளவு முன்னால்.

அந்த முகவரியை என் போனில் திறந்தேன். மேலிருந்து நான்காவது, ஐந்தாவது வரியிலேயே இருக்கிறது: நேர வித்தியாசம் 0 விநாடி, நேர மண்டலம் ஜிஎம்டி, அதாவது கிரீன்விச் நேரம். ஞாயிற்றுக்கிழமையும் அது அங்கேதான் இருந்தது. உயரத்தைப் பார்த்துப் பெருமைப்பட்ட நான் இதைத் தாண்டிப் போய்விட்டேன். நேர மண்டலம் சொல்லாவிட்டால் அந்தச் சேவை ஜிஎம்டியில்தான் பேசும். ஆவணத்திலும் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். அது சொன்ன பத்து மணி நம் மூன்றரை மணி. முன்னறிவிப்பு இவ்வளவு கச்சிதமாகப் பலிப்பதே அபூர்வம். அன்றைக்குப் பார்த்துப் பலித்தது.

மருமகனைப் போனிலேயே வைத்துக்கொண்டு திருத்தினோம். அவன் முதலில் 'ஏசியா, சாய்கோடு, மதுரை' என்று தட்டினான். 400. உலக நேர மண்டலப் பட்டியலில் மதுரை கிடையாது, சென்னையும் கிடையாது. இந்தியா மொத்தத்துக்கும் கொல்கத்தா தான். அதைப் போட்டதும் நேர வித்தியாசம் 19800 விநாடி என்று வந்தது. ஐந்தரை மணி நேரத்தை 3600-ஆல் பெருக்கிப் பாருங்கள். அந்த எண் எனக்கு இப்போது மனப்பாடம். நனைந்த அப்பளத்துக்குப் பதிலாக அக்காவுக்கு ஐந்து கிலோ உளுந்து மாவு வாங்கிக் கொடுத்தேன், அதுவும் மனப்பாடம்.

அதனால் இப்போதெல்லாம் பதிலில் நான் தேடிப் போன எண்ணைக் கடைசியில்தான் பார்க்கிறேன். அந்தச் சேவை தன் வாயால் என்ன சொல்கிறது என்று முதலில் படிக்கிறேன்: எந்த இடம், எந்த நேரம், எந்த அலகு. இடம்கூட நாம் கேட்ட 9.92 அப்படியே திரும்பி வராது. வானிலைக் கணக்கு பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்துப் போடுவது. நமக்குப் பக்கத்துக் கட்டத்தின் புள்ளி வரும். மாடிக்கு மாடி மழை சொல்லும் வித்தை யாரிடமும் இல்லை.

அடுத்து மருமகனுக்கு ஓர் ஆசை. உளுந்து விலையும் அதே பக்கத்தில் வந்தால் அம்மாவுக்கு நல்லதுதானே? சந்தை விலை தரும் வேறொரு சேவையைப் பிடித்தான். நான் சொன்னபடியே முதலில் முகவரிப் பட்டையில் போட்டுப் பார்த்தான், அருமையாக வந்தது. தன் பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்டில் அதே முகவரியைக் கொடுத்தான், வரவில்லை. பிரவுசர் பிழைகளைச் சொல்லும் கன்சோலில் சிவப்பாக ஒரு பத்தி, நடுவில் 'கார்ஸ்' என்ற வார்த்தை.

"நீங்கதான மாமா பிரவுசர்ல வந்தா வந்துரும்னு சொன்னீங்க?"

நியாயமான கேள்வி. எஃப்12 அமுக்கி நெட்வொர்க் தாவலைக் காட்டினேன். கோரிக்கை போயிருக்கிறது. பதில் வந்திருக்கிறது. எண் 200, அதாவது எல்லாம் நலம். அப்படியும் அவன் கோடின் கைக்குப் போய்ச் சேரவில்லை. அடுக்குமாடி வாட்ச்மேனை நினைத்துக்கொள்ளுங்கள். கூரியர் வந்துவிட்டது, அவர் மேசையில் பார்சல் இருக்கிறது, கண்ணுக்கும் தெரிகிறது. 'அனுப்பினவரு உங்க வீட்டுக்குக் குடுக்கலாம்னு மேல எழுதலையே சார், நான் தர முடியாது' என்கிறார். அந்த வாட்ச்மேன் பிரவுசர். மேலே எழுத வேண்டிய வரி, சேவை தன் பதிலோடு அனுப்ப வேண்டிய ஒரு ஹெட்டர். ஓப்பன்-மெட்டியோ யாருக்கு வேண்டுமானாலும் கொடு என்று நட்சத்திரக் குறி போட்டு அனுப்புகிறது. இந்தச் சேவை ஒன்றும் எழுதவில்லை.

வாட்ச்மேன் மேல் கோபப்பட வேண்டாம். ஒரு தாவலில் வங்கிக் கணக்கைத் திறந்து வைத்திருக்கிறீர்கள்; இன்னொரு தாவலில் ஏதோ ஒரு கண்ட பக்கம். அந்தப் பக்கம் உங்கள் பெயரில் வங்கியிடம் கேட்டு, வருகிற பதிலைப் படித்தால் என்ன ஆகும்? ஒரு தளத்தின் கோடு இன்னொரு தளத்தின் தரவைத் தொடக் கூடாது என்ற விதி நெட்ஸ்கேப் காலத்திலிருந்தே, 1995-இலிருந்தே, இருக்கிறது. அனுமதி உள்ளவர்களுக்கு மட்டும் கதவைத் திறக்க வந்த முறைதான் கார்ஸ். வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அதைப் பரிந்துரையாக வெளியிட்டது 2014-இல். முகவரிப் பட்டையில் தட்டும்போது அங்கே போவது நீங்களே. நடுவில் வேறு கோடு எதுவும் எட்டிப் பார்ப்பதில்லை. அதனால் அங்கே இந்தக் கேள்வியே எழுவதில்லை.

கன்சோலில் சோதிக்கிறவர்கள் விழும் பள்ளம் இன்னொன்று. சேவையின் சொந்தத் தளத்தையே திறந்து வைத்து, அங்கே கன்சோலில் கோரிக்கை அனுப்பினால் நன்றாக வரும். ஒரே வீட்டுக்குள் பேசுவது போல. அதை நம்பி நம் பக்கத்தில் போட்டால் வராது. தலைகீழாகவும் நடக்கும்: கட்டுப்பாடு மிகுந்த ஒரு தளத்தின் கன்சோலில் நின்று அனுப்பினால், அந்தத் தளமே 'என் வீட்டிலிருந்து வெளியே போன் பண்ணாதே' என்று தடுத்துவிடும், நாம் பாவம் சேவையைத் திட்டிக்கொண்டிருப்போம். கோப்பை டபுள் கிளிக் செய்து திறந்த பக்கமும் சரிப்படாது. அதற்குப் பூர்வீகமே கிடையாது, 'நல்', அதாவது ஒன்றுமில்லை, என்றுதான் பிரவுசர் அறிமுகப்படுத்தும். லோக்கல்ஹோஸ்டில், அதாவது நம் கணினியிலேயே, சின்னதாக ஒரு சர்வர் ஓட்டி, அதிலிருந்து சோதிப்பதுதான் நேரான வழி.

உளுந்து விலைக்கு நடுவில் ஒரு சர்வர் வைத்து வாங்கித் தரலாம். சர்வருக்கு வாட்ச்மேன் கிடையாது. அதற்குள் செமஸ்டர் வந்துவிட்டது. அக்கா வழக்கம்போல் கீழமாசி வீதிக்குப் போன் போட்டு விலை கேட்டுக்கொள்கிறாள். அங்கே பதில் இன்னும் வேகம்.

ஊர் பெயரைத் தமிழிலேயே தட்டினால் என்ன ஆகும் என்று அவன் கேட்டது நல்ல கேள்வி. தமிழ் விக்கிப்பீடியா முகவரியை வாட்ஸ்அப்பில் ஒட்டினால் சதவீதக் குறியும் எழுத்துமாக ரயில் வண்டி நீளத்துக்கு வருகிறதே, அதுதான் ஆகும். 'மதுரை' நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் ம, த, உகரக் குறி, ர, ஐகாரக் குறி என்று ஐந்து. ஒவ்வொன்றும், கணினி அவற்றை எழுதிவைக்கும் யூடிஎஃப்-8 முறையில் மூன்று பைட், ஆகப் பதினைந்து. ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு சதவீதக் குறியும் இரண்டு எழுத்தும். மொத்தம் 45. பிரவுசர் இதை நமக்காகச் சத்தமில்லாமல் செய்துவிடும். கோடில் நாமேதான் செய்ய வேண்டும்; மறந்தால் சில சேவைகள் எரர் கொடுக்கும், சில கேட்டது புரியாமல் வெறும் பதில் தரும்.

கடைசியாக அவனைத் திட்டியது ஒன்றே ஒன்றுக்குத்தான். பக்கம் விநாடிக்கு ஒரு முறை தானாகப் புதுப்பித்துக்கொள்ளும்படி எழுதியிருந்தான். ஒரு நாளைக்கு 86,400 முறை. ஓப்பன்-மெட்டியோ இலவசமாக அனுமதிப்பது நாளைக்கு 10,000. அதைவிட முக்கியம், முன்னறிவிப்பு சில மணி நேரத்துக்கு ஒரு முறைதான் மாறும். அண்ணாச்சி கடையில் விநாடிக்கு ஒரு தடவை 'உளுந்து என்ன விலை' என்று கேட்டால் என்ன சொல்வார்? மணிக்கு ஒன்று என்று மாற்றினான். சாவி வாங்கிப் பயன்படுத்தும் சேவைகளாக இருந்தால் இன்னொரு கவலையும் உண்டு. பல சமயம் முகவரியிலேயே சாவி இருக்கும், அது பிரவுசர் வரலாற்றில் அப்படியே தங்கும். ஸ்கிரீன்ஷாட் எடுத்து கல்லூரி குழுவில் போட்டால் சாவியைப் பூவோடு தட்டில் வைத்துக் கொடுத்த மாதிரி.

ப்ராஜெக்ட் பக்கம் நல்லபடியாக முடிந்து, மார்க்கும் வாங்கியது. மேகம் நகரும், துளி விழும், நிறம் மாறும். அக்காவின் பழைய போனில் அது திறக்க முக்கால் நிமிடம் ஆகிறது.

போன மாதம் போயிருந்தபோது மாடியில் அக்கா போனை வெயிலுக்கு மறைத்துப் பிடித்துக்கொண்டு எதையோ பார்த்தாள். எட்டிப் பார்த்தேன். மேகம் இல்லை, துளி இல்லை. வெறும் ஜேசன். பையனிடம் சொல்லி, இன்று ஒரு நாளைக்கு, அதிகபட்ச மழை வாய்ப்பு என்று ஒரே ஒரு கேள்வியாகச் சுருக்கி, அந்த முகவரியை முகப்பில் ஐகானாக வைத்திருக்கிறாள்.

"இது உனக்குப் புரியுதாக்கா?"

"மேல இருக்குறதெல்லாம் எனக்கு எதுக்கு? கடைசில பாரு, பகரம் மாதிரி ஒரு அடைப்பு. அதுக்குள்ள ஒரு எண்ணு." நாக்கை நுனியில் கடித்துக்கொண்டு பெரிதாக்கிப் பார்த்தாள். "முப்பத்தஞ்சு. சரி, விரிச்சிருவோம். அந்தப் பக்கத்தைப் பிடி."